மதம் பிடிக்காத யானை, பனி இல்லாத போகி: கச்சேரிப் புதிர் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

கர்நாடக சங்கீதத்தை வச்சு புதிர் போட்டு ஃபோன்லயே கூடி அவிழ்க்கிற கூட்டம் எங்களோடது. பாதிப்பேரு மதுரை, மிச்சம் மேலூர், திருமங்கலம், காரைக்குடி, அப்புறம் துபாய்க்குப் போயும் விடாதவங்க சிலபேரு. புதுசா யாரு வந்தாலும் இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா டைப் அடிச்சு மாளல, அதான் மொத்தமா எழுதிப் போட்டுட்டேன்.

இது க்விஸ் தானே, இதுல என்ன பெருசா?

க்விஸ் இல்லங்க. க்விஸ்ல "ஹம்சத்வனி ராகத்துல வராத சுரம் எது"ன்னு நேரா கேப்பாங்க, தெரிஞ்சா சொல்லுவீங்க, தெரியலைன்னா முழிப்பீங்க, கதை முடிஞ்சது. இங்க அப்படி வராது. "வாதாபியில இருந்து யானை கிளம்பிருச்சு, மதம் பிடிக்கல, அன்னம்தான் கத்திக்கிட்டே பின்னால வருது" அப்படின்னு ஒரு வரி வரும். படிச்சா ஏதோ காட்டுக்கதை மாதிரி இருக்கும். வாதாபி, யானைன்னதும் முத்துஸ்வாமி தீட்சிதரோட வாதாபி கணபதி பாட்டு ஞாபகம் வரணும். அன்னத்துக்கு ஹம்சம், சத்தத்துக்கு த்வனி. அப்புறம் அந்த "மதம் பிடிக்கல"தான் விஷயமே, ஹம்சத்வனி ஸ ரி க ப நி, அதுல ம-வும் இல்ல த-வும் இல்ல. மூணு வழியா நடந்து போனாலும் ஒரே வாசல்ல வந்து நிக்கணும், அதுதான் நல்ல புதிர். (ஹம்சத்வனியை உண்டாக்கினதே தீட்சிதரோட அப்பா ராமஸ்வாமி தீட்சிதர்தான்னு சொல்லுவாங்க. அப்பா கண்டுபிடிச்ச ராகத்துல பையன் பாடின பாட்டு இன்னைக்கு வரைக்கும் கச்சேரிக்குப் பிள்ளையார் சுழியா நிக்குது பாருங்க.)

எனக்குப் பாட வராது, சேரலாமா?

தாராளமா. பாடுறவங்க ராகத்தை உடனே பிடிச்சிருவாங்க, ஆனா வார்த்தைல மாட்டிக்குவாங்க. எங்க கூட்டத்துல அதிகமா அவிழ்க்கிற ரெண்டு பேருல ஒருத்தர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், அவருக்கு ஸ்ருதியே நிக்காது, அவரே சொல்லுவாரு. ஒவ்வொரு ராகத்துக்கும் ஆரோகணம் அவரோகணம் (சுரம் ஏறுற வரிசை, இறங்குற வரிசை) போட்ட ஒரு பட்டியலைக் கையில வச்சுக்கங்க, போதும்.

அந்த "மதம்" மாதிரி புதிரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு இதுதான் பிடிபடவே மாட்டேங்குது.

எல்லாரும் மாட்டுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஸ ரி க ம ப த நி, இந்த ஏழெழுத்தை வச்சு தமிழ்ல எத்தனை வார்த்தை வருதுன்னு எண்ணிப் பாருங்க. சரி, பரி, கரி, மாரி, பாரி, தனி, சனி, பனி, கனி, மணி, கதை, மதம், பாதி, நிதி. எங்க கூட்டத்துல விதி என்னன்னா உயிர் மாறலாம், மெய் மாறக்கூடாது. அதாவது க-வுக்கு கா, கி, கை எது வேணா வரலாம், நி-க்கு மட்டும் சலுகையா னி, ணி ரெண்டையும் ஒத்துக்குவோம். கடைசில வர்ற ம் கணக்குல சேராது, அதையும் ம-ன்னு எடுத்துக்கிட்டு சண்டைக்கு வராதீங்க.

இப்ப அஞ்சு சுர ராகமெல்லாம் எடுத்துக்கங்க. அஞ்சு வந்தா ரெண்டு விடுபட்டிருக்கணும், அந்த விடுபட்ட ரெண்டையும் சேர்த்துப் படிச்சா பெரும்பாலும் ஒரு தமிழ் வார்த்தை உக்காந்திருக்கும்! இதை முதல்ல யாரு கவனிச்சாங்கன்னு தெரியல, கவனிச்ச அன்னைக்கு ராத்திரி யாரும் தூங்கல.

ஹிந்தோளத்துல ரி, ப கிடையாது. திருப்பிப் போட்டா பரி. அதுக்கு வந்த புதிர்: "வாதவூரார் வாங்கிட்டு வந்த பரி ஒண்ணு கூட லாயத்துல இல்ல, பாண்டியன் ஊஞ்சல்ல உக்காந்து யோசிக்கிறான்." ஹிந்தோளம்னாலே ஊஞ்சல்தான். ஆவணி மூலத்துக்கு நரியைப் பரியாக்கின லீலையை வருஷா வருஷம் பாக்குற ஊரு இது, மதுரைக்காரனுக்கு இந்தப் புதிர் அல்வா மாதிரி, சென்னைல இருந்து சேர்ந்த ஒருத்தர் ரெண்டு நாள் குதிரை வாகனம், கல்கி அவதாரம்னு அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சாரு.

மத்யமாவதியில க, த இல்ல. "கதை எதுவும் சொல்லாமலே கச்சேரியை மங்களமா முடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு." மத்யமாவதியைக் கடைசியில பாடி முடிக்கிற வழக்கம் தெரிஞ்சா கதை ஓடிவந்துரும்.

மோகனத்துல ம, நி இல்ல. "மணி வரலைன்னு தெரிஞ்சும் கூட்டம் மயங்கித்தான் கிடந்துச்சு." மோகனம்னா மயக்கம். இங்க புதிர் போட்டவர் வேணும்னே மதுரை மணி அய்யர் பக்கம் நம்மளத் தள்ளிவிடுறாரு, பத்துப்பேரு அவர் பாடின ராகமா அடுக்க ஆரம்பிச்சாங்க, அவரு மோகனத்தையும் பிரமாதமா பாடினவருங்கறதுதான் கூத்து.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆபோகி. அதுல ப, நி இல்ல. "மாடு முன்னால போகுது, பழசைக் கொளுத்துற நாள் பின்னால வருது, மார்கழி கடைசிதான், ஆனா துளி பனி இல்ல." ஆ, அப்புறம் போகி, அப்புறம் பனி இல்ல. ஒரு வார்த்தை கூட வெட்டியா கிடையாது, மேலாகப் படிச்சாலும் ஊர்ல நடக்கிற சமாச்சாரம் மாதிரியே இருக்கு. போட்டது ஒரு காலேஜ் பொண்ணு, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன போட்டாலும் எல்லாரும் பயந்துக்கிட்டே படிக்கிறோம்.

சுத்த சாவேரியில க, நி இல்ல, அதாவது கனி இல்ல. இதுக்கு மட்டும் உருப்படியா ஒரு வரி இன்னும் வந்து சேரல. முருகன், பழனி, ஞானப்பழம்னு எல்லாரும் ஒரே குட்டையில விழுறாங்க.

ராகப் பேரையே உடைச்சுப் போடுறாங்களே, அது?

அது சுலபம், நம்ம புணர்ச்சி விதிதான். கையில சுருட்டி எடுத்துட்டுப் போறது, பின்னாடியே சூரியன்: பை, ரவி, பைரவி. தன்னோடதையே பிச்சை கேளு: தன், யாசி, தன்யாசி. செடியில ஒட்டிக்கிட்டு இருக்குறதைப் பிடிச்சு மந்திரம் சொல்லி: காம்பு, ஓதி, சேர்த்தா காம்போதி. இதுக்கு காம்போஜின்னு எழுதுற ஆளுங்க ஆட்சேபணை பண்ணுவாங்க, கண்டுக்காதீங்க. "தேசத்தை முதல்ல வச்சு அஞ்சு ரத்தினத்தையும் கோத்தாரு"ன்னா நாட்டை, ஏன்னா தியாகராஜரோட பஞ்சரத்னம் நாட்டையில ஆரம்பிச்சு கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு போகும்.

கடபயாதி, கடபயாதின்னு பேசிக்கிறீங்களே, அது கணக்குல வீக்கா இருக்குறவனுக்கு வருமா?

வரும், ஆனா தமிழ்ல எழுதுறவனுக்கு ஒரு கண்ணி இருக்கு.

மேளகர்த்தான்னா தாய் ராகம், மொத்தம் 72, ஒவ்வொண்ணோட பேர்லயும் முதல் ரெண்டு எழுத்துக்குள்ள அதோட நம்பர் ஒளிஞ்சிருக்கு. சமஸ்கிருத வரிசையில க-வுல ஆரம்பிச்சு எண்ணணும், ட-வுல ஆரம்பிச்சு திரும்ப ஒண்ணுல இருந்து, ப-வுல இருந்து திரும்ப, ய-வுல இருந்து திரும்ப. ந-வும் ஞ-வும் பூஜ்யம். வந்த ரெண்டு நம்பரையும் திருப்பிப் போடணும். மாயாமாளவகௌளை எடுத்துக்கங்க: ப வரிசையில மா அஞ்சாவது, ய வரிசையில யா முதலாவது, 51, திருப்பினா 15. அதுதான் மேளகர்த்தா நம்பர்.

கண்ணி என்னன்னா நமக்கு ஒரே க தான், அங்க நாலு. கீரவாணி, கரஹரப்ரியா, கௌரிமனோஹரி, இந்த மூணையும் தமிழ்ல எழுதினா மூணுமே க வரிசை, ரெண்டாவது எழுத்து மூணுக்குமே ர வரிசை. நம்ம கண்ணுக்கு மூணும் ஒரே நம்பர்தான். ஆனா கீரவாணிக்கு முதல் க, கரஹரப்ரியாவுக்கு ரெண்டாவது க, கௌரிமனோஹரிக்கு மூணாவது க. அதனால 12, 22, 32. திருப்பினா 21, 22, 23. மூணும் அடுத்தடுத்த வீட்டுல குடியிருக்குது! இதைப் பாத்ததும் எனக்கு அந்தக் காலத்து ஆளுங்க மேல ஒரு பயமே வந்துருச்சு, பேரை வளைச்சு நம்பருக்குள்ள எப்படிப் பொருத்திருக்காங்க பாருங்க. ஷங்கராபரணத்துக்கு முன்னால தீர, கல்யாணிக்கு முன்னால மேச, தோடிக்கு முன்னால ஹனும எல்லாம் ஒட்டினது இந்த நம்பருக்காகத்தான். தீர 29, மேச 65, ஹனு 8.

மதம், பனி மாதிரி புதிர்ல தமிழெழுத்து நமக்குத் துணை நிக்குது, கடபயாதியில அதே எழுத்து காலை வாரிவிடுது. அதனால எங்க விதி: கடபயாதி புதிருக்கு எந்த க, எந்த த-ன்னு யாராவது கேட்டா போட்டவர் சொல்லணும், கேக்காம சொல்லக்கூடாது.

சக்கரம்னா?

72-ஐயும் ஆறு ஆறா 12 சக்கரமா பிரிச்சிருக்காங்க, அந்த சக்கரத்தோட பேரே புதிர்தான். இந்து ஒண்ணு (நிலா ஒண்ணுதான), நேத்ரம் ரெண்டு, அக்னி மூணு, வேதம் நாலு, பாணம் அஞ்சு (மன்மதனோட அம்பு), ருது ஆறு, ரிஷி ஏழு, வசு எட்டு, பிரம்ம ஒன்பது, திசி பத்து, ருத்ர பதினொண்ணு, ஆதித்ய பன்னெண்டு. பாண சக்கரம் 25-ல ஆரம்பிச்சு 30-ல முடியும்.

"மன்மதன்கிட்ட இருந்த அஞ்சுல அஞ்சாவது, அவனை எரிச்சவர் கழுத்துலயே நகையா கிடக்கு." பாண சக்கரத்துல அஞ்சாவது 29, சங்கரனோட ஆபரணம். இதே விடைக்கு தாளக் கூட்டம் வேற பாதை போட்டாங்க: "முப்பத்தஞ்சு பேருல நெடியவன் எத்தனை தட்டு தட்டுறானோ அத்தனையாவது வீடு." ஏழு தாளம், அஞ்சு ஜாதி, பெருக்கினா 35. அதுல நீளமானது சங்கீர்ண ஜாதி துருவ தாளம், அதோட பகுதிகள் 9, 2, 9, 9, கூட்டினா 29. மிருதங்கம் வாசிக்கிற பையன் ஒருத்தன் அரை நிமிஷத்துல போட்டுட்டான், நாங்க எல்லாம் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தோம்.

மதுரைப் புதிர்கள் அதிகமா வருதே, வெளியூர்க்காரங்க என்ன பண்றது?

கத்துக்கணும், வேற வழி? சும்மா சொல்றேன். அடிக்கடி வர்றதை மட்டும் சொல்லிடுறேன், எழுதி வச்சுக்கங்க.

ஊரையும் அம்மாவையும் ரெண்டு எழுத்தா சுருக்கி பேருக்கு முன்னால வச்சுக்கிட்டவர்னா எம்.எஸ்., மதுரை ஷண்முகவடிவு சுப்புலட்சுமி. 1916-ல இங்க பிறந்தவங்க, 1998-ல பாரத ரத்னா. அம்மா வீணை வாசிச்சவங்க, அதனால "வீணையோட மக"ன்னும் வரும்.

ஷ்யாமா சாஸ்திரி மீனாட்சி மேல பாடினதை நவரத்னமாலிகைன்னு சொல்லுவாங்க, ஒன்பது கல், மீன், கண்ணு இதெல்லாம் ஒரே வரியில வந்தா அங்க போங்க. "சினிமால சிவாஜி பிடிச்சிருந்தாரு, மதுரை அண்ணன் தம்பி மூச்சு விட்டாங்க"ன்னா 1968-ல வந்த தில்லானா மோகனாம்பாள், நாதஸ்வரம் வாசிச்சது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி. அம்புஜம் கிருஷ்ணா மதுரையில இருந்து பாட்டு எழுதினவங்க, தாமரைன்னு வந்தா சந்தேகப்படுங்க. அடிச்சா அழாம பாடுதுன்னா கோயில் இசைத்தூண். மதுரை சோமு, சேஷகோபாலன் ரெண்டு பேரும் சுத்திச் சுத்தி வருவாங்க.

இதுல நின்னு பேச வேண்டியது தீட்சிதரோட "மீனாக்ஷி மே முதம் தேஹி". அவரு ராகத்தோட பேரைப் பாட்டு வரிக்குள்ளயே நைசா ஒளிச்சு வைக்கிற ஆளு, இந்தப் பாட்டுல "தச கமக க்ரியே"ன்னு வரும், வீணையில வர்ற பத்து கமகத்தை (சுரத்தை அசைச்சு வாசிக்கிற விதம்) சொல்ற மாதிரி. அதுக்குள்ளயே கமகக்ரியாங்கற ராகப் பேரு. இருநூறு வருஷத்துக்கு முந்தியே நம்ம விளையாட்டை அவரு ஆடி முடிச்சுட்டாரு. 1835-ல தீபாவளி அன்னைக்கு எட்டயபுரத்துல அவர் உயிர் பிரியும்போது சிஷ்யர்கள் இந்தப் பாட்டைத்தான் பாடிக்கிட்டு இருந்தாங்கன்னும், "மீனலோசனி பாசமோசனி"ங்கற இடம் வந்தப்ப பிரிஞ்சதுன்னும் சொல்லிக்கிட்டு வர்றாங்க. இந்தப் பாட்டுக்குப் புதிர் போடுறதுன்னா மட்டும் எங்க கூட்டத்துல எல்லாரும் கொஞ்சம் அடக்கி வாசிப்போம்.

கமகக்ரியாவா, பூர்விகல்யாணியா? சண்டை வராதா?

வரும். வாராவாரம் வரும். ஒரே ராகத்துக்கு தீட்சிதர் வழியில ஒரு பேரு, மத்தவங்க பாடுறதுல ஒரு பேரு. மேளகர்த்தாவுக்கே ரெண்டு பட்டியல் இருக்குங்க, 56-வதை ஒருத்தர் ஷண்முகப்ரியாம்பாரு, இன்னொருத்தர் சாமரம்பாரு, ரெண்டுக்கும் கடபயாதி போட்டுப் பாருங்க, ரெண்டுமே 56 தான் வரும். அதனால ரெண்டு பேரையும் ஒத்துக்குவோம். ஆனா புதிர் போடுறவர் விடையை முன்கூட்டியே எழுதி ஒருத்தர்கிட்ட தனியா குடுத்து வைக்கணும், சண்டை சூடானப்புறம் விடையை மாத்துற வேலை நடக்கக்கூடாது.

முத்திரை?

வாக்கேயக்காரர், அதாவது பாட்டும் மெட்டும் சேர்த்துப் போட்டவர், பாட்டுக்குள்ள போடுற கையெழுத்து. தீட்சிதருக்கு குருகுஹ, ஷ்யாமா சாஸ்திரிக்கு ஷ்யாமகிருஷ்ண, முத்தையா பாகவதருக்கு ஹரிகேச, சுவாதித் திருநாளுக்கு பத்மநாப, பாபநாசம் சிவனுக்கு ராமதாச. "பேரு சிவன், கையெழுத்தோ ராமனுக்கு அடிமை" மாதிரி வரும். மனப்பாடம் பண்ணிடுங்க, பத்து நிமிஷ வேலை.

ஆடியோ புதிர்ல எல்லாரும் தப்பு பண்றாங்களே?

ஏன்னா தம்புராவை வெட்டிட்டுப் போடுறாங்க. நாலு செகண்ட் வீணை, சுருதி கிடையாது, எது ஸ-ன்னே தெரியாது. மோகனத்தோட ரி-யை ஸ-வா வச்சுக் கேட்டா மத்யமாவதி, க-வை வச்சா ஹிந்தோளம், ப-வை வச்சா சுத்த சாவேரி, த-வை வச்சா சுத்த தன்யாசி. அதே அஞ்சு கட்டைதான், உக்காருற இடம்தான் வேற. கிரகபேதம்னு மேடையில வித்வான்கள் பெருமையா பண்ற வேலையை வெச்சு நம்மள அலைக்கழிக்கிறாங்க. கமகத்தைக் கவனிங்க, எந்த இடத்துல வந்து நிக்குதுன்னு பாருங்க, அதுதான் காட்டிக்குடுக்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, பெரியார் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "பைரவி"ன்னு அடிச்சு விடாதீங்க.

சினிமாப் பாட்டு வரலாமா?

பெரியவங்க சிலபேரு மூஞ்சியைத் தூக்குவாங்க, ஆனா வரலாம். பண்ணைப்புரத்துல இருந்து வந்தவரை விட்டுட்டு இந்தப் பக்கத்துல எப்படிங்க சங்கீதம் பேச முடியும்? "காம்போதி பெத்த பிள்ளை, 1985-ல சாரமதி வீட்டுல வளர்ந்துச்சு"ன்னு ஒண்ணு வந்துச்சு, சிந்து பைரவி படத்துல தியாகராஜரோட "மரி மரி நின்னே"வை இளையராஜா சாரமதியில போட்டதைச் சொல்றது. அருமையான வரி.

கூகுள், ஏஐ பாக்கலாமா?

ஆரோகணம் அவரோகணம், வருஷம், பாட்டு வரி சரிபாக்க கூகுள் ஓகே. புதிரை அப்படியே காப்பி பண்ணி ஏஐ-ல போடாதீங்க, அது தெம்பா ஒரு தப்பான ராகத்தைச் சொல்லும், நீங்க அதை இங்க வந்து தெம்பா சொல்லுவீங்க, அப்புறம் எங்க வாத்தியார் உங்களை விடமாட்டாரு.

விடை தெரிஞ்சா உடனே போடலாமா?

போடாதீங்க, தயவுசெஞ்சு. போட்டவருக்குத் தனியா அனுப்புங்க. பொதுவுல "கிட்ட வந்துட்டேன்"னு சொல்லலாம், அடுத்தவங்களுக்கு விடையைக் காட்டாம ஒரு ஹின்ட் குடுக்கலாம், அதையும் புதிர் மாதிரியே குடுத்தா சந்தோஷம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல கூட்டமா உக்காந்து அவிழ்ப்போம், ஒருத்தர் யானையைப் பிடிப்பாரு, ஒருத்தர் அன்னத்தைப் பிடிப்பாரு, மூணாவது ஆளு வந்து "அட மதம்ங்க!"ன்னு கத்துவாரு. தனியா அவிழ்த்தா அந்தக் கத்தல் கிடைக்காது.

நானே புதிர் போட ஆசை, எங்க ஆரம்பிக்கலாம்?

விடையில இருந்து பின்னாடி வாங்க. ராகத்தை எடுங்க, எது விடுபடுது, பேரு எங்க உடையுது, எந்த வீட்டுல இருக்கு, யாரு பாடினாங்கன்னு எல்லாத்தையும் ஒரு தாள்ல கொட்டுங்க. அதுல ரெண்டு எடுத்து ஒரே வரியில சேர்த்துப் பாருங்க, படிக்கும்போது நம்ம ஊர்ல யாரோ பேசுற மாதிரி இருக்கணும். ஒரு வழி மட்டும் வச்சுப் போட்டா பத்து விடை வரும், அப்புறம் நீங்கதான் பஞ்சாயத்துல நிக்கணும். யாருக்குமே தெரியாத ராகத்தை எடுத்து மிரட்டுறது ஒரு பெருமையே இல்ல, அதெல்லாம் தேடிப் பிடிக்கிற வேலை, யோசிக்கிற வேலை இல்ல.

சரி, ஒண்ணு குடுங்க, பாப்போம்.

"தருமிக்குப் பொற்கிழியும் நக்கீரருக்கு வம்பும் வாங்கிக் குடுத்த சமாச்சாரம், அழகாத்தான் இருக்கு, மன்மதன்கிட்ட ரெண்டாவது."

வர்ற விடையோட முதல் ரெண்டு எழுத்தை எண்ணி திருப்பிப் போடுங்க, 26 வரணும். வந்தா தனியா அனுப்புங்க, வரலைன்னா நாளைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வாங்க.